அத்துமீறலும் குற்றமும்: கற்பிட்டிக் கரையில் ஓர் உருசிய நாவல்

பியோதர் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவல் 1866ஆம் ஆண்டில் 'உருசியத் தூதன்' என்ற திங்களிதழில் தொடராக வெளிவந்தது. அதனை உளவியல் நாவலின் உச்சம் எனக் கூறுவது இன்று பாடநூல் வழக்காகிவிட்டது. அவ்வாறு கூறுவதால் நாவலைப் பற்றி நாம் அறிந்து கொள்வது மிகச் சிறிதே. ஒரு நூல் ஏற்படுத்தும் தாக்கம் அது வாசிக்கப்பெற்ற இடத்தையும் காலத்தையும் பெரிதும் பொறுத்தது என்ற எண்ணத்தினால், இக்கட்டுரை அந்நாவலைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலிருந்து, குறிப்பாகக் கற்பிட்டியிலிருந்து நோக்க முற்படுகின்றது. வாசகனின் சொந்த அனுபவத்தைத் திறனாய்வுக்குள் கொணர்வது நெறியன்று எனக் கருதுவோர் உளர். அவர்கள் இம்முறை பொறுத்தருள வேண்டும்.

கொன்ஸ்தன்ஸ் கார்னெற் அம்மையார் 1914இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் பழைய பிரதியொன்று 1989இல் எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. சொற்பொருள் முழுவதும் விளங்காத நிலையிலும் கதை என்னைப் பற்றிக்கொண்டது. ரஸ்கோல்னிகோவ் தன் வாயிலிலிருந்து அடகு பிடிக்கும் கிழவியின் வீடுவரை சரியாக 730 அடிகள் என எண்ணி வைத்திருக்கிறான். நானும் எங்கள் வீட்டிலிருந்து இறங்குதுறை வரை அடி எண்ணிப் பார்த்தேன், எத்தனையென்பது மறந்துவிட்டது. எண்ணியது மட்டும் நினைவிலுள்ளது.

இவ்வடி எண்ணலில் ஒரு திறனாய்வுண்மை அடங்கியுள்ளது. தஸ்தயெவ்ஸ்கி கதையைப் படர்க்கையிற் சொன்னாலும் கொலைகாரனின் தோளை விட்டு அகலுவதில்லை. ஆறு பாகங்கள் கொண்ட நாவலின் முதற்பாகத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. கொலையுண்டோர் உள்ளே கிடக்க, வெளியே இருவர் கதவைத் தட்டி ஆட்டுகின்றனர். கொழுக்கி கழன்றுவிடுமோ என்று அவன் அஞ்சுகின்றான். அவ்வேளையில் வாசகர் எவரும் கதவு திறக்க வேண்டுமென்று விரும்புவதில்லை. அவன் தப்ப வேண்டும் என்றே மூச்சடக்கி நிற்கிறோம். கொலைகாரனைப் புரிந்துகொள்வது ஒன்று. அவனுக்கு உடந்தையாவது மற்றொன்று. இந்நாவல் முதலில் நம்மை உடந்தையாக்குகின்றது, பின்னரே புரியவைக்கின்றது.

ரஸ்கோல்னிகோவ் எழுதிய கட்டுரையொன்று நாவலில் விவாதிக்கப்படுகின்றது. மாந்தர் இருவகையினர், பெரும்பான்மையோர் சட்டத்துக்கு அடங்கி வாழ்வோர், மிகச் சிலர், நெப்போலியனைப் போன்றோர், புதியதொன்றைப் படைப்பதற்காக இரத்தத்தைக் கடந்து செல்லும் உரிமை உடையோர் என்பது அதன் சாரம். கடத்தல் என்பதே இங்கு உயிர்ச்சொல். நாவலின் உருசியத் தலைப்பிலுள்ள 'பிரெஸ்துப்ளேனியே' என்ற சொல் சட்ட வழக்கிற் குற்றத்தைக் குறிப்பினும், அதன் உறுப்புக்கள் தரும் நேர்ப்பொருள் எல்லையொன்றைத் தாண்டி அடிவைத்தல் என்பதாகும். நம் மொழியிற் 'குற்றம்' என்பது குறை, களங்கம் என்ற பொருள்களையும் தழுவி நிற்பது. தாண்டுதல் என்ற அசைவு அதில் இல்லை. அவ்வசைவைத் தருவது 'அத்துமீறல்' என்ற சொல். அத்து என்பது எல்லை எனப் பொருள்படும் 'ஹத்' என்ற அரபுச் சொல்லின் வழியாக வந்தது என்பர் அகராதியாளர். எம். ஏ. சுசீலா தம் செம்மையான தமிழாக்கத்தில் 'குற்றமும் தண்டனையும்' என்ற நிலைபெற்ற தலைப்பையே கொண்டமை முறையானது. எனினும் தலைப்பை வாசிக்குந்தோறும் இந்த இரவற் சொல் என் காதில் ஒலிப்பதைத் தவிர்க்க முடிவதில்லை.

அவனுடைய சித்தாந்தத்தில் இடம்பெறாத ஒருத்தி நாவலில் உளள். கிழவி அலியோனா இவானவ்னாவைக் கொல்வதற்கு அவனிடம் காரணங்கள் இருந்தன. அவளுடைய தங்கை லிஸவேத்தாவைக் கொல்வதற்கு எக்காரணமும் இல்லை. அவள் எதிர்பாராத வேளையில் வீடு திரும்பினாள். கோடரி ஓங்கப்பட்டபோது கையை உயர்த்தித் தடுக்கக்கூட அவளால் இயலவில்லை. பின்னர் அவன் கிழவியைப் பற்றியே ஓயாது வாதிடுகின்றான். லிஸவேத்தாவைத் தான் கொல்லவேயில்லை என்பதுபோல நினையாதிருப்பது ஏன் என்று அவனே ஓரிடத்தில் வியக்கின்றான். அவள் முன்பு அவனுடைய சட்டையொன்றைத் தைத்துச் சீராக்கித் தந்தவள் என்பதை வீட்டு வேலைக்காரி நஸ்தாசியா ஒரு பேச்சில் சொல்லிச் செல்கின்றாள். முதல் வாசிப்பில் நான் இவ்வரியைக் கவனிக்கவேயில்லை.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 70,000 பேருக்குக் குறையாதோர் சில நாட்களுள் தம் ஊர்களை இழந்தனர். யாழ்ப்பாணத்தவர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் மணிக்கணக்கினது. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளிற் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்திறங்கினர். எங்கள் கரையிலேயே அவர்கள் இறங்கினார்கள். கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன; அவை தற்காலிகமானவை என்று அன்று எல்லோரும் நம்பினோம். அந்நாட்களில் நண்பர் சிலருடன் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியதோர் இலட்சியத்தின் முன்னால் இது தவிர்க்க முடியாத விலை என்று நான் கூறினேன். அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அப்போது நான் ஆராயவில்லை. மறுநாள் நீர் கொடுக்கச் சென்றவிடத்தில் ஓர் அம்மா, தையல் மெசினிலே பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டு வந்ததாகவும், அது அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளையின் பள்ளிச் சட்டை என்றும் சொன்னார். துணி வீணாகாமல் யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்துச் சுசீலாவின் தமிழில் நாவலை மீண்டும் வாசித்தபோதுதான் நஸ்தாசியாவின் வரியில் என் கண் நின்றது. ஒரு நூலின் நீடித்த தாக்கம் என்று எதனையேனும் நான் சுட்டிக்காட்ட வேண்டுமாயின் அந்த ஒரு வரியையே காட்டுவேன்.

குற்றவுணர்வு நமக்குப் புதியதன்று. இதே மாவட்டத்தில், சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத் தலபுராணம் அதனையே பொருளாகக் கொண்டது. இராவணன் அந்தண வழியினன். ஆதலால் அவனைக் கொன்ற இராமனைப் பிரமகத்தி தொடர்ந்தது. புட்பக விமானத்தில் மீள்கையில் முன்னேஸ்வரத்தை அடைந்ததும் அது தொடராமையை உணர்ந்து அவன் இறங்கி வழிபட்டான். பின்னர் மானாவரி முதலிய தலங்களில் இலிங்கங்களைத் தாபித்துத் தோடம் நீங்கப் பெற்றான் என்பது ஐதிகம். அறப்போரில் வென்றவனையும் கொலை தொடரும் என்று கண்ட மரபு எளியதன்று. ஆனால் அப்பிரமகத்தி வெளியே நின்று துரத்துவது; எல்லையுள்ளது; ஒரு தலத்தின் வாயிலில் நின்றுவிடுவது. ரஸ்கோல்னிகோவைத் தொடர்வதற்கு உருவில்லை. அது காய்ச்சலாக, மயக்கமாக, தாயையும் தங்கையையும் தழுவ மாட்டாமையாக அவனுள்ளேயே இயங்குகின்றது. கொலை செய்ததால் மனிதரிடமிருந்து தான் கத்தரித்தெடுத்ததுபோல் துண்டிக்கப்பட்டதை அவன் உணர்கின்றான். தண்டனை என்பது அதுவே. சைபீரியாவின் எட்டாண்டுக் கடூழியம் அதன்பின் வருவது.

ஈழத்து விமர்சனம் இந்த அகவழிப் பயணத்தை உரியவாறு மதித்ததாகக் கூற இயலாது. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' என்ற நூலை 1968இல் வெளியிட்ட காலத்தையொட்டி, சமுதாய மாற்றத்தை நாவல் எவ்வாறு காட்டுகிறது என்பதே முதன்மை வினாவாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கோர்க்கியின் 'தாய்' பெற்ற இடத்தைத் தஸ்தயெவ்ஸ்கி பெறவில்லை. அவர் நோயுற்ற மனங்களின் சித்திரகாரர் என ஒதுக்கப்பட்டார். சமூகப் பார்வையற்றவர் என்று அவரைச் சொல்வது வேடிக்கையானது. 1849இல் அரசியற் குற்றத்துக்காகத் தூக்குமேடைக்கு ஒப்பான கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, இறுதிக் கணத்தில் உயிர் பெற்று, ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டுகளைக் கழித்தவர் அவர். இலட்சியவாதிகளின் உள்ளத்தை அவர் வெளியிலிருந்து கற்றவரல்லர்.

நாவலின் அரிய கட்டம் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாகும். நாற்சந்தியில் நின்று, நீ மாசுபடுத்திய மண்ணை முத்தமிட்டு, நான்கு திசையிலும் வணங்கி, கொன்றேன் என்று உரத்துச் சொல் எனச் சோனியா பணிக்கின்றாள். வைக்கோற் சந்தையில் அவன் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகின்றான். குடித்திருக்கிறான் என்று கூட்டம் நகைக்கின்றது. வாய்வரை வந்த சொல் அடங்கிவிடுகின்றது. பொலிஸ் நிலையத்திலும் ஒருமுறை பேசாது திரும்பி, வெளியே நிற்கும் சோனியாவின் முகத்தைக் கண்ட பின்னரே மீண்டும் சென்று சொல்கின்றான். இவ்வளவுக்குப் பின்னும் பின்னுரையில் ஆசிரியர் நமக்கு அளிக்கும் அதிர்ச்சி யாதெனில், சிறையில் இருக்கும் ரஸ்கோல்னிகோவ் தான் செய்ததில் பாவத்தைக் காணவில்லை என்பதே. தோற்றுப் போனது ஒன்றே அவன் காணும் பிழை. தவறு வேறு, குற்றம் வேறு என்ற வேறுபாட்டை இத்துணை இரக்கமின்றிக் காட்டிய எழுத்து பிறிதொன்றை நான் அறியேன்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற பத்திரிகையாளர் மாநாட்டில், முஸ்லிம்களின் வெளியேற்றம் நியாயப்படுத்த இயலாத ஓர் அரசியல் தவறு என்ற பொருள்பட அன்ரன் பாலசிங்கம் பேசினார். அச்செய்தியைப் படித்தபோது பின்னுரையின் அப்பக்கங்களே நினைவுக்கு வந்தன. பேசியவரைக் குறை காண்பதற்காக இதனைக் கூறவில்லை; அதுகூடச் சொல்லப்படாத தரப்புகள் இந்நாட்டில் உள்ளன. 1983 ஜூலைக்கு உரியோரும் அவற்றுள் அடங்குவர். தவறு என்பதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குச் செல்லாத ஒருவனாகவே 1990இல் பேசிய என்னையும் காண்கின்றேன். அந்த அம்மாவைப் பின்னர் நான் தேடவில்லை.

பின்னுரை கலைக் குறைபாடுடையது, ஆசிரியரின் சமய நம்பிக்கை கதைமீது ஏற்றப்பட்டது என்று கூறும் திறனாய்வாளர் பலர். நானும் நெடுங்காலம் அவ்வாறே கருதினேன். சோனியாவின் அன்பு அவனை மாற்றும் விரைவு இன்றும் என்னை முழுமையாக நம்பச் செய்வதில்லை. ஆனால் அங்குள்ள ஒரு பொருளை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. இறுதிப் பக்கத்தில் அவனுடைய தலையணையின்கீழ் ஒரு புதிய ஏற்பாடு கிடக்கின்றது. இலாசரு உயிர்த்தெழுந்த பகுதியைச் சோனியா அவனுக்கு வாசித்துக் காட்டிய அதே பிரதி. அப்பிரதியை அவளுக்குக் கொணர்ந்து கொடுத்தவள் லிஸவேத்தா. நான்காம் பாகத்தில் ஒரே தடவை சொல்லப்பட்ட அச்செய்தியை ஆசிரியர் இங்கே மீண்டும் சொல்வதில்லை. அவளுடைய பெயரும் அப்பக்கத்தில் இல்லை. ரஸ்கோல்னிகோவ் நூலைக் கையிலெடுக்கின்றான், இன்னும் திறக்கவில்லை.