சிறுவிடைக்கு ஈடு சிறுவிடைதான்

இதைப் படித்து முடித்ததும் ஒரு பெட்டைக்கோழி வாங்க உங்களுக்குக் கை துறுதுறுக்கவில்லை என்றால் குறை என் எழுத்தில்தான், கோழியில் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி ரகத்தின் பைத்தியம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு வேலைக்கு வந்தவன், வாடகை வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்கி, இன்று மாறுதல் கலந்தாய்வு என்ற பேச்சு எடுத்தாலே கோழிகளை எங்கே கொண்டுபோவது என்று கவலைப்படும் ஆளாகிவிட்டேன்.

கீழேயிருந்து போன் செய்யும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "குட்டியா, அழகா, தொல்லை தராத ரகமா ஒண்ணு சொல்லுப்பா." கேட்கும்போதே யூடியூபில் பார்த்த பெயர் ஒன்று வாயில் தயாராக இருக்கும். சில்கி, செரமா, ஜப்பான் பேன்டம், செப்ரைட். சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேன்சி கோழிகளைப் பார்த்து மயங்கி நின்றவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய கோழியைப் பாருங்கள். ஒவ்வோர் இறகுக்கும் மை தீட்டியதுபோலக் கறுப்பு ஓரம். மலேசியாவின் கிளந்தானில் பிறந்த செரமா, சேவலே அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். மார்பை நிமிர்த்திக்கொண்டு அது நடக்கும் நடையைப் பார்த்தால் சிரிப்பும் வரும், ஆசையும் வரும்.

ஆனாலும் முதல்முதலாகக் கோழியில் கை வைப்பவருக்கு இவற்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன். சில்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தாய், சாதுவான பிறவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் இறகில் சாதாரணக் கோழி இறகில் இருக்கும் கொக்கிப் பிணைப்பு கிடையாது. அதனால்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது. அதனாலேயே மழைத் தண்ணீர் வழுக்கி ஓடாமல் உள்ளே இறங்கி ஊறிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் இந்த மலையில் தூறலும் பனிமூட்டமும் போட்டி போடும்போது, நனைந்த சில்கியைத் துணியால் துடைத்து விளக்குப் போட்டு உலர்த்திக்கொண்டிருக்க வேண்டும். ஜப்பான் பேன்டத்தின் குட்டைக்கால் இன்னொரு கதை. அந்தக் குட்டைக்கால் மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரட்டையாக வந்து சேர்ந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு முட்டை வீண். முதல் அடை வைத்து, விரல் விட்டு நாள் எண்ணிக் காத்திருப்பவருக்கு இது எத்தனை பெரிய ஏமாற்றம்! செப்ரைட்டில் கரு கூடுவதே குறைவு. செரமாவுக்கோ குளிர் ஆகாது.

நம்முடைய சிறுவிடை இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

பெட்டை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். சேவல் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு கையில் அள்ளித் தூக்கிவிடலாம். நிறத்துக்குக் கணக்கே இல்லை: கறுப்பு, செம்பழுப்பு, கீரி, செங்கீரி, புள்ளி, சாம்பல். தலையில் இறகுக்கொண்டை வைத்தது உண்டு, கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் உண்டு. கூண்டைத் திறந்துவிட்டால் நாள் முழுக்கத் தானே மேய்ந்து வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். இந்த மலையில் சாமை அறுவடை முடிந்த களத்தைப் பாருங்கள். மனிதர் கூட்டி அள்ளிய பிறகு கோழிகள் வந்து மிச்சத்தைப் பொறுக்கும். அந்த நாட்களில் நான் தீவனம் என்று ஒரு பிடிகூட வைப்பதில்லை. மற்ற நாளில் காலையில் கொஞ்சம் சாமை நொய், மாலையில் அடைவதற்கு முன் கொஞ்சம். அவ்வளவுதான்.

முட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். சின்ன முட்டைதான், 40 கிராம் வாக்கில் இருக்கும். தினம் ஒரு முட்டை வேண்டும் என்பவருக்கு இது ஆகாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை வியாபாரிக்கு அது நட்டம். எனக்கு அதுதான் திருவிழா!

ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தால் எல்லாம் வெளியே ஓடும், ஒன்று மட்டும் வராது. கையைக் கிட்டே கொண்டுபோனால் உடம்பைத் தட்டையாக்கி, இறகைச் சிலிர்த்து, அடித்தொண்டையில் ஓர் உறுமல். முந்தின நாள்வரை கையில் நொய் கொத்தின கோழியா இது என்று இருக்கும். பழைய கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, எட்டு முதல் பத்து முட்டைவரை வைக்கிறேன். சிறிய உடம்பு, அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. பக்கத்து வீட்டு ஆயா மட்டும் ஒரு கரித்துண்டும் ஓர் ஆணியும் கொண்டுவந்து கூடைக்குள் செருகிவிட்டுப் போவார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடுமாம். நான் அறிவியல் வாத்தியார். இருந்தாலும் ஆணியை எடுத்ததில்லை.

21 நாள். ஒரு நாளில் ஒரு தடவை எழுந்து வரும். அவசர அவசரமாக நாலு கொத்து, தண்ணீர், ஒரு மண் குளியல், பொத்தென்று ஒரு பெரிய எச்சம், உடனே கூடைக்கு ஓட்டம். அது எழுந்த நேரம் பார்த்து வயிற்றுப் பக்கம் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அங்கே இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருக்கும், கை சுடும். அந்தத் தோல்தான் முட்டைமேல் படுகிறது. ஏழாம் நாள் இரவு செல்போன் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிவந்த நரம்புகள் சிலந்திக்கால் விரித்திருக்கும். கடைசி நாட்களில் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள்: ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல், மேலேயிருந்து தாய் மெல்ல முனகிப் பதில் சொல்லும். பொரிப்பதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது! எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து கேட்க வைத்தேன். மறுவாரம் அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் பாட்டியின் அடைக்கூடைக்குத் தொல்லை வந்ததாகக் கேள்வி.

குஞ்சு இறங்கிய பிறகு கரையான் வேட்டை. இது தமிழ்நாட்டில் பல ஊரிலும் உள்ள பழைய கைப்பக்குவம். ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை, மக்கிய விறகுத்துண்டு எதையாவது திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் மண்ணாகப் பார்த்து மாலையில் கவிழ்த்துவிட வேண்டும். மறுநாள் காலை பானையைத் தூக்கினால் உள்ளே கரையான் பொலபொலவென்று மொய்க்கும். வெயில் ஏறும் முன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். சாக்கை உதறியதும் தாய்க்கோழி போடும் சத்தம் இருக்கிறதே! தான் ஒன்றைக்கூட விழுங்காது. ஒரு கரையானை எடுத்துக் கீழே போடும், எடுக்கும், போடும், "டுக் டுக் டுக்" என்று கூப்பிடும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவரும். காசு செலவில்லாமல் புரதத் தீவனம்.

பருந்து விஷயத்திலும் இதன் மூளை அபாரம். இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் பெட்டை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிடுகிறது. வானத்தில் ஆபத்து என்றால் ஒரு குரல், தரையில் கீரி என்றால் வேறு குரல். முதல் குரலுக்குக் குஞ்சுகள் அப்படியே பதுங்கி அசையாமல் கிடக்கும். அரசு கொடுத்தும் கடையில் வாங்கியும் வளர்க்கிற வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா எல்லாம் நல்ல கோழிகள்தான். ஐதராபாத்திலும் பெங்களூரிலும் கொல்லைப்புறத்துக்கென்றே உருவாக்கியவை. சிறுவிடையைவிட நிறைய முட்டையிடும் அல்லது சீக்கிரம் எடை கூடும். ஆனால் அவை அடைக்கு உட்காருவது அரிது. அடுத்த தலைமுறைக்கு மறுபடி காசு, மறுபடி குஞ்சு, அல்லது பொரிப்பான். சிறுவிடை வாங்கியவர் ஒரு தடவை வாங்கினால் போதும்.

கோழிக்காகக் கல் எடுத்த நாடு இது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவத்தையே வெட்டி, எழுத்தும் பொறித்த நடுகல் நிற்கிறது; கி.பி. 5ஆம் நூற்றாண்டு அளவினது என்கிறார்கள். அது போர்ச்சேவலுக்கு எடுத்தது. வாழ்நாளெல்லாம் குஞ்சு பொரித்த பெட்டைக்கு யார் கல் எடுத்தார்கள், போங்கள்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கோழி முழுக்கச் செந்நிறக் காட்டுக்கோழியின் வழி வந்தது என்றுதான் டார்வின் காலத்திலிருந்து நம்பினார்கள். 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, மஞ்சள் கால் தரும் மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி நம் தென்னாட்டுக் காடுகளின் பறவை. என் செங்கீரிப் பெட்டையின் மஞ்சள் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. அதற்காகக் காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து அடை வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, வாங்கப் போகிறீர்கள். கோழி கூண்டடையும் நேரத்துக்குப் போங்கள். மேய்ந்து வந்த கோழிக்கு இரைப்பை நிறைந்து உருண்டையாகத் தெரியும். நோய்ப்பட்டது காலியாகத் தொங்கும். கண்ணில் நீர் கூடாது, மூக்கில் சளி கூடாது, பின்புறத்தில் வெள்ளை எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மார்பு எலும்பைத் தடவிப் பாருங்கள், கத்திமுனைபோலக் கையில் குத்தினால் வேண்டாம். கால் செதில்கள் படிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் சிற்றுண்ணி குடியிருக்கிறது. முதல் கோழி விடைக்கோழியாக இருப்பதைவிட, ஏற்கெனவே ஒரு தடவை குஞ்சு பொரித்து வளர்த்த பெட்டையாக இருப்பது நல்லது. வேலை தெரிந்தவள் வீட்டுக்கு வந்தால் நமக்குப் பாதிச் சுமை குறையும். சேவலை மட்டும் வேறு ஊரில் வாங்குங்கள், ஒரே இரத்தம் வேண்டாம். மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். இரண்டு சேவல் வைத்திருந்த எனக்கு ஆயா சொன்ன யோசனை: "ஒண்ணு போதும் வாத்தியாரே, இன்னொண்ணப் பொங்கலுக்கு அடிச்சிடு." அடிக்கவில்லை. விற்றேன்.

பலா மரத்தில் ஏறி அடையத்தான் இவற்றுக்கு ஆசை. விடாதீர்கள்; மரநாயும் காட்டுப்பூனையும் இருக்கும் மலை இது. தரையிலிருந்து உயர்த்திய மரக்கூண்டு, குஞ்சுகளுக்குப் பகலில் பஞ்சாரம். இவ்வளவு புகழ்ந்த கோழிக்கும் ஓர் எமன் உண்டு, வெள்ளைக்கழிச்சல். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே வாரத்தில் ஊரையே காலி செய்துவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை ஊருக்கு ஊர் இலவசமாக ஊசி போடுகிறது. உங்கள் ஊருக்கு எந்தத் தேதி என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த கோழியை இரண்டு வாரம் தனியே கட்டுங்கள்.

போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ மேலே வருகிறவர்கள் தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு போகிறீர்கள், நல்லது. அடுத்த முறை காரில் ஒரு கூடைக்கும் இடம் விடுங்கள். கூண்டை மட்டும் வீட்டில் முன்னாலேயே கட்டி வைத்துவிட்டு வாருங்கள்.