பொருண்மொழிக் காஞ்சியும் வாழ்க்கைப் பொருளும்

வாழ்வின் பொருள் யாது என்னும் வினா இருவகையாக எழும். செய்தற்குரியது ஒன்றும் இல்லாத ஓய்வுப் பொழுதில், கேட்பதே இன்பமாகக் கேட்கப்படுவது ஒரு வகை. இனி எவ்வாறு ஒழுகுவது எனத் துணிய வேண்டிய இடத்தில், விடையின்றி மேற்செல்ல இயலாமையாற் கேட்கப்படுவது மற்றொரு வகை. முன்னதனை வெற்றெண்ணம் என்றும், பின்னதனைப் பொருளெண்ணம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். புறநானூற்றில் பொருண்மொழிக் காஞ்சி எனத் துறை குறிக்கப்பெற்ற பாடல்கள் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி வேண்டுமோ எனின், வேண்டும். இத்துறைப் பாடல்கள் பழமொழிபோல் அடியடியாகப் பிரித்து வழங்கப்படுகின்றன. கணியன் பூங்குன்றனார் பாடிய 192ஆம் பாட்டின் முதலடியை அறியாதார் இலர். அப்பாட்டின் எஞ்சிய அடிகள் யாது செய்கின்றன என வினவுவார் சிலரே. பாட்டினின்றும் அடியைப் பிரித்தவிடத்து, ஒருவர் தம் ஒழுக்கத்திற்குக் காட்டிய காரணம் யார்க்கும் உரிய பொதுக்கூற்றாகி விடுகின்றது. பொதுக்கூற்று யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. பொருளெண்ணம் வெற்றெண்ணமாக மாறுவது இவ்வாறே.

1. துறையின் இலக்கணம்

தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக வைத்து, நிலையாமையை அதன் பொருளாகக் கூறினார். அவர் அதன்கண் அடக்கிய துறைகளை நோக்குதல் வேண்டும். கூற்றத்தின் ஆற்றலைச் சொல்லுதல் அவற்றுள் ஒன்று. அதனோடு ஒருங்கு நிற்பன யாவை? புண்பட்டு வீழ்ந்த கணவனை மனைவி காத்து நிற்றல், கணவனை இழந்தாள் நோன்பு மேற்கொள்ளுதல், மனைவியை இழந்தான் தனித்து நிற்றல், சுடுகாட்டை வாழ்த்துதல் முதலியன. ஆகவே, தொல்காப்பியர் கண்ட நிலையாமை, உடலும் குருதியும் ஈமமும் கண்முன் கிடக்கும் இடத்தில் எழுவது. தனித்திருந்து எண்ணிப் பெறும் கொள்கையாக அவர் அதனை வகுத்திலர்.

புறப்பொருள் வெண்பாமாலையின் நிலை வேறு. ஐயனாரிதனார் காஞ்சியைப் பகைவரை எதிரூன்றிக் காக்கும் போராக்கினார். நிலையாமை பற்றிய துறைகளைப் பொதுவியற் படலத்துள் வேறு பிரித்து வைத்தார். பொதுவியல் என்னும் இப்பகுப்புத் தொல்காப்பியத்தில் இல்லை. பொருண்மொழிக் காஞ்சிக்கு அவர் தந்த விளக்கம், சடைமுடி தாங்கிய முனிவர் ஆராய்ந்து கண்ட பொருளை மொழிதல் என்பது. இவ்விளக்கத்தைக் கைக்கொண்டு புறநானூற்றிற் புகுவார்க்கு அப்பாடல்கள் துறவோர் வாய்மொழிபோலத் தோன்றுதல் இயல்பு. அத்தோற்றம் பாடல்களோடு ஒத்துவருமா என்பதே வினா.

2. பாடினோர் யாவர்?

புறநானூற்றில் 182 முதல் 195 வரையுள்ள பகுதியில் இத்துறைப் பாடல்கள் செறிந்து கிடக்கின்றன. அவற்றைப் பாடினோருட் சிலரை எண்ணுவோம். 182ஆம் பாட்டைப் பாடியவன் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. 183 ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாட்டு. 188 பாண்டியன் அறிவுடை நம்பி பாட்டு. மூவரும் முடியுடை மரபினர். 189ஆம் பாட்டைப் பாடிய நக்கீரர் மதுரைக் கணக்காயனார் மகனார். முனிவர் கண்ட பொருள் என்னும் இலக்கணம் இவர்களுக்குப் பொருந்துமாறு யாங்ஙனம்?

பாடுபொருளும் அவ்வாறே. அறிவுடை நம்பி வாழ்நாளின் பயனை நாடிச் சென்று கண்ட இடம் தவச்சாலை அன்று, உணவுக்கலம். குறுநடை நடந்து வந்து, கைந்நீட்டிக் கலத்தைத் தொட்டும் துழந்தும், நெய்ச்சோற்றை மெய்யெலாம் பூசிக்கொள்ளும் குழவியை அவன் காட்டுகின்றான். பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும் அக்குழவி இல்லையாயின் வாழும் நாளிற் பயனில்லை என்பது அவன் துணிபு. மக்கட்பேறு இல்லாதார் வாழ்வை இத்துணிபு குறைத்து மதிக்கின்றதே என இன்றைய திறனாய்வாளர் வினவுவர், அவ்வினா முறையானதே. ஆயினும், வாழ்க்கைப் பயனை அரியணையிலும் வீட்டுலகிலும் தேடாது, சோறு சிந்திய தரையில் ஓர் அரசன் கண்டான் என்பது துறவிலக்கணத்திற்கு முற்றும் மாறானது.

3. முடிபுகளின் இயல்பு

இத்துறைப் பாடல்களின் உயிர்நிலை அவற்றின் முடிபில் உளது. முதற்பகுதி உலகின் இயல்பைக் கூறும். இறுதிப் பகுதி அதனாற் செய்யத்தக்கதைக் கூறும். முன்னது ஏது, பின்னது துணிபு.

192ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. நன்மையும் தீமையும் பிறர் தர வாரா, சாதல் புதியதன்று, ஆற்றுநீரின்வழிச் செல்லும் தெப்பம்போல உயிர் முறையின்வழிச் செல்லும் என்று பாட்டு வளர்கின்றது. இதனைத் திறமுடையோர் காட்சியால் தெளிந்ததாகவும் புலவர் கூறுகின்றார். ஐயனாரிதனார் கூறிய இலக்கணம் பொருந்துவது இவ்வளவோடுதான். பாட்டோ இங்கே நின்றிலது. ‘ஆகலின்’ என்னும் ஒரு சொல் இடைவந்து பாட்டைத் திருப்புகின்றது. தெளிந்த காட்சியின் பயன், பெரியோரைக் கண்டு வியவாமையும், சிறியோரை இகழ்தலை அதனினும் செய்யாமையும். வியத்தலையும் இகழ்தலையும் ஒருங்கே விலக்கிய புலவர், இகழாமைக்கே மிகுதி கூறினார் என்பது நுனித்து நோக்கற்பாலது. ஊழின் வலியைச் சொன்னவர் அதனைச் சோம்பலுக்கு ஏதுவாக்கவில்லை. எளியாரை இகழ்வார்க்கு அவ்விகழ்ச்சியின் அடிப்படையையே அறுத்தற்கு ஏதுவாக்கினார். தெப்பம் மிதந்து செல்லும் இடத்தைத் தன் பெருமையாகக் கொள்ளுதல் எவ்வாறு கூடும்? முதலடியின் உறவுணர்ச்சிக்கு இறுதியடிகளே பொறுப்பேற்கின்றன. அவற்றை நீக்கி முதலடியை மட்டும் வழங்குவோர், கடமையை விட்டுக் கொள்கையை மட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

நக்கீரர் பாட்டும் இந்நெறியதே. உலகனைத்தும் ஒருகுடைக்கீழ் ஆளும் வேந்தனையும், இரவும் பகலும் துயிலாது விலங்கின் பின் திரியும் கல்லா வேட்டுவனையும் அவர் ஒருங்கு நிறுத்துகின்றார். உண்பது நாழி, உடுப்பன இரண்டு என்னும் அளவால் இருவரும் ஒப்பர். இவ்வொப்புமை எண்ணி மகிழ்தற்கு உரியதாக விடப்படவில்லை. செல்வத்தின் பயன் ஈதல் என்னும் துணிபுக்கு ஏதுவாகின்றது. நரிவெரூஉத்தலையார் பாட்டில் (195) கேட்போரே முன்னிலையில் நிற்கின்றனர். மீன்முள் போன்ற நரையும் திரைந்த கன்னமும் உடைய முதியோரை விளித்து, நல்லது செய்ய இயலாதாயினும் தீயது செய்தலையேனும் தவிருங்கள் என்கின்றார். இதனினும் குறைந்த அளவில் ஓர் அறத்தைக் கேட்க இயலாது. சாவு அணுகிய பொழுதில் வாழ்வின் பொருளை விரித்துரைக்க அவர்க்கு நேரமில்லை, கேட்போர்க்கும் இல்லை.

மதுரைக்காஞ்சியின் அமைப்பும் இதற்கு அரண் செய்யும். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்துவான் புகுந்த மாங்குடி மருதனார், 782 அடிகளுட் பெரும்பாலனவற்றைப் பாண்டி நாட்டின் வளத்திற்கும் மதுரையின் அங்காடி ஒலிக்கும் இரவு வாழ்க்கைக்கும் வழங்கினார். நிலையாமையை அவற்றினிடையே சுருங்கக் கூறினார். பாட்டு, பெற்ற வாழ்நாளை மகிழ்ந்து இனிது கழிக்க என வாழ்த்தி முடிகின்றது. நிலையாமை இங்கே வாழ்வை மறுக்கவில்லை. அதற்கு அளவு காட்டுகின்றது. இந்தியச் சிந்தனையை உலக ஏற்பு, உலக மறுப்பு என இருகூறாக்கிய ஆல்பர்ட் சுவைட்சர், 1935இல் வெளிவந்த தம் நூலில் திருக்குறளை ஏற்பின் பக்கம் வைத்துப் பாராட்டினார். அப்பாராட்டுப் போற்றத்தக்கதே. எனினும், மறுப்புக்குரிய ஏதுவைக் கொண்டு ஏற்புக்குரிய துணிபை நாட்டும் காஞ்சிப் பாடல்களை அவ்விருகூற்று அளவையால் அளத்தல் இயலாது.

4. துணிபு கூறாப் பாட்டு

இக்கருத்துக்கு ஒரு தடை உண்டு. ஓரேருழவர் பாடிய 193ஆம் பாட்டும் இத்துறையதே. அதில் ஏது உண்டு, துணிபு இல்லை. தோலை உரித்துத் திருப்பிப் போட்டாற் போன்ற நெடிய வெண்களரில் ஒருவன் துரத்த ஓடும் மான்போலத் தப்பி ஓடவும் கூடும்; ஆயின், சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைத் தளையிடுகின்றதே என்பது பாட்டு. செய்யத்தக்கது யாது என அது கூறவில்லை. அங்ஙனமாயின் இஃது வெற்றெண்ணமோ?

அன்று என்பதே நம் கருத்து. வெற்றெண்ணம் எண்ணுவோனுக்கு இழப்பொன்றையும் தருவதில்லை. இப்பாட்டில் மானுக்கு ஓட இடம் உண்டு. உழவனுக்குக் கால் இல்லை. துறத்தல் இயலும் என அறிந்தும் துறவாது நிற்கின்றான். துணிபு சொல்லில் இல்லை. அவன் நின்ற நிலையிலேயே உளது. பக்குடுக்கை நன்கணியார் பாட்டு (194) பெருங்காஞ்சித் துறையதாயினும் ஈண்டு ஒப்புநோக்கத் தகும். ஒரு மனையிற் சாப்பறையும் ஒரு மனையில் மணமுழவும் ஒலிப்பக் கேட்ட அவர், உலகைப் படைத்தவனைப் பண்பிலன் என்று வெளிப்படையாகப் பழிக்கின்றார். இரந்தே உயிர்வாழ வேண்டுமாயின் உலகியற்றினானும் கெடுக என்னும் வள்ளுவர் சினம் (1062) இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. சினந்த புலவரும் சினத்தோடு நின்றிலர். உலகின் இயல்பு உணர்ந்தோர் இனியவற்றைக் காண்க என முடிக்கின்றார். ‘காண்க’ என்பது வியங்கோள். காண்பர் என்று கூறியிருப்பின் அஃது ஆறுதலாகும்; காண்க என்றமையின் அது கடமையாயிற்று. இன்னாத உலகில் இனியது தானே வந்து தோன்றாது. காண முயல்வார்க்கே தோன்றும்.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: பொருண்மொழிக் காஞ்சிக்குப் பிற்கால இலக்கணம் வகுத்த முனிவர்மொழி என்னும் எல்லை, புறநானூற்றுப் பாடல்களுக்கு ஒருபுடையே பொருந்தும். அப்பாடல்களைப் பாடினோர் அரசரும் இல்வாழ்வாரும் உள்ளிட்ட பலர். உலகியல்பு அவர்க்கு ஏது; ஒழுகலாறே துணிபு. துணிபு வெளிப்படாதவிடத்தும் தளையறிந்து நிற்கும் நிலை உண்டு.

ஆதலின், இத்துறைப் பாடல்களைக் கற்பிப்போரும் பதிப்பிப்போரும் ஈற்றடிகளினின்று தொடங்கி முதலடிக்குச் செல்லுதல் நலம். வாழ்வின் பொருள் யாது என்பதற்குப் பழந்தமிழ்ப் புலவர் தனி விடையொன்று வைத்துச் சென்றிலர். யாரை இகழாதிருத்தல் வேண்டும், யார்க்கு ஈதல் வேண்டும், எதனைச் செய்யாது ஒழிதல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை வைத்துச் சென்றனர். முதல் வினாவிற்கு உரிய விடையையும் அவற்றிலேயே தேடுதல் வேண்டும்.