கடனற்ற தோல்வி

1999இல் தோன்றிய ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ என்னும் கணினி விளையாட்டு துப்பாக்கிச் சண்டையாகவே அறியப்படினும், அதன் உயிர்நிலை பொருளியலே எனலாம். ஐவர் கொண்ட அணியில் ஒவ்வொருவரும் 800 டொலருடன் தொடங்குவர். 2700 டொலர்த் துப்பாக்கியை ஒருவர் மட்டும் வாங்குவதாற் பெரும்பயனில்லை. ஐவரும் ஒரு சுற்றிற் செலவைச் சுருக்கி, அடுத்த சுற்றில் ஒருங்கே ஆயுதந் தரிப்பதே முறை. உள்ளவர் இல்லாதவருக்கு வாங்கி ஈவதும் உண்டு.

இதனைச் சிக்கனத்தின் வெற்றியாகப் போற்றுவோர் அடிப்படை விதியை மறந்துவிடுகின்றனர். தோற்ற அணிக்கும் பணம் கிடைக்கிறது. தோல்வி தொடர்ந்தால் அது 1400இலிருந்து 3400 வரை உயர்கிறது. கடன் என்பதே அங்கில்லை.

டிக்கோயா முதலிய மலையகத் தோட்டங்களிலும் தொழிலாளர் குழுவாகவே இயங்கினர். ஆயின் கங்காணி தந்த முற்பணம் அவர்தம் தலையிற் கடனாக ஏறியது. தோட்டம் மாறினும் ‘துண்டு’ என்னும் சீட்டு அக்கடனை உடன்கொண்டு சென்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. அம்மக்களிடம் சிக்கனமும் ஒற்றுமையும் இல்லாமலில்லை. புதிய சுற்றுத்தான் வாய்க்கவில்லை.

ஆகவே இவ்விளையாட்டு உணர்த்துவது சிக்கனத்தின் பெருமையன்று. தோல்வியைக் கடனாக்காத விதி உள்ளவிடத்தே சிக்கனம் பலிக்கும் என்பதேயாம்.