கோவலன் கூத்தும் ஊரவர் உரிமையும்

ஒரு கலையை வாழ்விப்பது யாது? புரவலர் தரும் பொருளா, அறிஞர் தரும் பாராட்டா, அன்றி அக்கலையைத் தமதெனக் கொண்ட மக்களின் பற்றா? வன்னி நாட்டுக் கூத்துக்களைக் குறித்து இவ்வினா இன்று சிறப்பாக எழுகின்றது. கூத்தை வளர்க்கவேண்டும் என்போர் பலர். அதனை யாருடைய விருப்பின்படி வளர்ப்பது என்று எண்ணுவோர் சிலரே. முல்லைத்தீவுப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த கோவலன் கூத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இக்கூத்தின் வேர் வழிபாட்டிலே உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் போந்து, நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் முதியவள் வடிவில் மாடு மேய்க்கும் சிறுவர்க்குத் தோன்றினாள் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது, கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் பணித்தாள் என்பர். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கும் வழக்கம் அதன் நினைவேயாம். கோயில்தோறும் சிலம்புகூறல் படிக்கக் கேட்ட மக்கள் அதே கதையைக் களரியில் ஆடக் காண்கின்றனர். பொற்கொல்லன் வஞ்சமும் பாண்டியன் தவறும் அவர்க்குப் பழங்கதையல்ல. தம் ஊர்த்தெய்வத்தின் வரலாறு.

இனிக் கூத்தின் அமைப்பை நோக்குவோம். முல்லைமோடி என வழங்கும் இவ்வாட்டமுறை வட்டக்களரிக்கு உரியது. பாத்திரம் ஒவ்வொன்றும் வரவுப்பாட்டோடு புகுந்து, களரியைச் சுற்றி ஆடி, தன்னை இன்னார் என அறிவிக்கும். பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவர். நகர மேடைக்குப் பழகிய கண்ணுக்கு இது வீண் நீட்சியாகத் தோன்றலாம். ஆனால், நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் களரியிற் சுற்றி ஆடாதவன் ஒருபுறத்தார்க்கே முகங்காட்டுவான். பிற்பாட்டு தொலைவில் இருப்போர்க்குச் சொல்லைக் கொண்டு செல்வதோடு, ஆடுவோனுக்கு மூச்சுவிட இடமும் அளிக்கின்றது. விடியும்வரை நீளும் காலமும் காரணமற்றதன்று. சிலம்பு விற்கச் செல்பவன் திரும்பான் என்பதை அவையோர் யாவரும் அறிவர். அறிந்ததற்காக இரவு முழுதும் காத்திருத்தலே அத்துயரின் ஆழம்.

இக்கூத்தை முக்கால் மணிநேரமாகச் சுருக்கி, ஒருமுகப் படமாடத்தில் ஏற்றினால் விளைவது யாது? கதை எஞ்சும், உடையின் பளபளப்பும் எஞ்சும். சுற்றாட்டம் பொருளிழக்கும்; காத்திருத்தல் மறையும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 ஆம் ஆண்டு கர்ணன் போர் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியமை பெரும்பணி என்பதில் ஐயமில்லை. படித்தவர் இகழ்ந்த கலையைப் படித்தவர் அவையிலே தலைநிமிரச் செய்தவர் அவர். மட்டக்களப்பு அண்ணாவியாரையே ஆசானாகக் கொண்டு மாணவரைப் பழக்கியவர். எனினும், நகர அவைக்கென அவர் வகுத்த வடிவத்தைப் பின்வந்தோர் ஊர்க் களரிக்கும் அளவுகோலாக்கினர். போட்டியின் மணிக்கட்டுப்பாடு அண்ணாவியாரின் தாளக்கட்டினும் வலிதாயிற்று. குறை அவ்வழியிலன்று, அதுவொன்றே வழி எனக் கொண்டமையிலே உள்ளது.

களம் இழந்த கலை என்னாகும் என்பதற்கு வன்னியிலேயே சான்றுண்டு. அருவி வெட்டுக்கு அரிவுச் சிந்தும், கதிர்காவலுக்குக் குருவிச் சிந்தும், பன்றிக் காவலுக்குப் பன்றிப் பள்ளும் அங்கு வழங்கின. வெட்டும் இயந்திரம் வயலில் இறங்கியபின் சிந்துக்கு வேலை இல்லாது போயிற்று. இன்று அது பெரும்பாலும் மேடைப் பாட்டே. கூத்துக்கோ கோயிலும் பொங்கலும் நேர்த்தியும் இன்னும் உள்ளன. அவற்றினின்று அதனைப் பிரித்தெடுத்து வளர்ப்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதேயாகும்.

பிறநாட்டார் அனுபவமும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் பப்புன்யா என்னும் குடியிருப்பில், 1971 இல் ஆதிக்குடி முதியோர் பள்ளிச் சுவரிலே தம் முன்னோர் கதையை ஓவியமாகத் தீட்டினர். பள்ளி ஆசிரியர் ஜெப்ரி பார்டன் ஊக்கமும் பொருளும் உதவினார். அடுத்த ஆண்டிலே ஓவியர்களே உரிமையாளராகிய பப்புன்யா துலா நிறுவனம் தோன்றிற்று. தொடக்க ஓவியங்கள் சிலவற்றில் வெளியார் காணலாகாத மறைப்பொருள் இருந்தமையாற் சர்ச்சை எழுந்தது. பின்னர் அத்தகையவற்றை ஓவியர் தவிர்த்தனர். எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் முடிவு கலைக்குரியோர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

‘2009 இல் முடிந்த போரினால் யாவும் இழந்த மக்கள் தாமாகவே கூத்தை மீட்டல் எளிதோ?’ எனச் சிலர் வினவுவர். வினா நேரியதே. வீடு வாசலையே இழந்த ஊரிற் கூத்துக் கொப்பியும் உடுப்பும் மத்தளமும் எங்ஙனம் தப்பும்? ஆதலின் உதவி இன்றியமையாதது. ஆனால், மத்தளம் வாங்க உதவுவது வேறு. தாளத்தை வகுத்துக் கொடுப்பது வேறு. மாற்றம் கூடாதென்பதும் நம் கருத்தன்று. அண்ணாவிமார் காலந்தோறும் பாட்டைக் கூட்டியும் குறைத்தும் வந்தவரே. ஊரவர் கூடிக் குறைப்பின் அது வளர்ச்சி. பரிசுக்காகப் பிறர் குறைப்பிப்பின் அது சிதைவு.

நம் கல்லூரிகள் இதில் ஆற்றும் பணி உண்டு. மாணவர் வைகாசியில் அவ்வூர்களுக்குச் சென்று, கூத்தை முழுமையாகக் காணல் வேண்டும். அண்ணாவியார் இசைவோடு பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்து, முதற்படியை ஊரிலேயே வைத்தல் வேண்டும்; அச்சுநூல் சொல்லைக் காக்கும், மெட்டையும் அடவையும் காவாது. கற்பிக்கச் செல்லாது கற்கச் செல்வதே முறை. களரியின் நடுவே நிற்கவேண்டியவர் ஊரவர். நமக்குரிய இடம் களரியைச் சூழ்ந்த அவையிலே ஓரிடம். அதனைப் பெறுதலும் பேறேயன்றோ!