பதிவுக்குப் பின்னால் இருக்கும் வேலை

வாய்மொழி வரலாறு பல்கலைக்கழகத் துறையாக வேர்பிடித்தது 1948-இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய திட்டத்தில். அங்கே ஆரம்ப ஆண்டுகளில் நேர்காணலைத் தட்டச்சு செய்து முடித்ததும் ஒலிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். எழுத்துதான் ஆவணம், குரல் அதற்கான கச்சாப்பொருள் என்று எண்ணிய காலம் அது. மின்னணுக் கருவிகள் முதலில் உடைத்தது இந்த எண்ணத்தைத்தான்.

குரல் ஏன் வேண்டும் என்பதற்கு இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி நல்ல விடை தந்திருக்கிறார். தெர்னி என்ற எஃகு ஆலை நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி, 1949 மார்ச்சில் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸால் கொல்லப்பட்டார். ஊரில் பலரோ அந்தச் சாவை 1953-இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே சொன்னார்கள். அதை ஞாபகப் பிசகு என்று போர்த்தெல்லி ஒதுக்கவில்லை. தட்டிக்கேட்க முடியாமல் போன சாவின் வலி, ஊரே தெருவில் இறங்கி மோதிய நாளுக்கு நகர்ந்திருக்கிறது என்றார். தேதியைத் திருத்திவிட்ட தட்டச்சுப் பிரதியில் இந்த உண்மை மிஞ்சியிருக்காது.

ஆனால் மூன்று மணி நேர ஒலிப்பதிவை யார் உட்கார்ந்து கேட்பது? இந்தக் கேள்விக்கு வந்த விடைகளில் மிகவும் பயன்பட்டது, அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழகத்தில் டக் பாய்ட் 2008-இல் உருவாக்கிய ‘ஓம்ஸ்’ மென்பொருள். பேச்சில் விஷயம் மாறும் இடங்களில் எல்லாம் நேரக்குறி போட்டு, ஒரு சிறு தலைப்பும் சுருக்கமும் சில குறிச்சொற்களும் சேர்க்கிறார்கள். ‘வெள்ளம்’ என்று தேடுகிறவர், பேசுகிறவர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும் நிமிடத்துக்கே போய்விடலாம். அவர் அந்தச் சொல்லையே உச்சரிக்காமல் ‘அந்த வருஷம் தண்ணி வந்தப்போ’ என்று சொல்லியிருந்தாலும் பாதகமில்லை. முழுப் பிரதி எழுத ஆளும் பணமும் இல்லாத சிறிய ஆவணக் காப்பகங்களுக்கு இது பெரிய உதவி.

இந்தியா தொடர்பான இரண்டு முயற்சிகளை முன்னால் வைப்பேன். இயற்பியலாளர் குனீதா சிங் பல்லா தொடங்கிய 1947 பிரிவினை ஆவணக் காப்பகம், தன்னார்வலர்களுக்கு இணையவழிப் பயிற்சி கொடுத்து 10,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்களைச் சேர்த்திருக்கிறது. இன்னொன்று, மராட்டியப் பெண்களின் திருகைப் பாடல்கள். ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வேனும் ஊர் ஊராகச் சேகரித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு பெர்னார்ட் பெல் கணினித் தரவுத்தளம் அமைத்தார். பி.சாய்நாத் நிறுவிய ‘பாரி’ இணையதளம் அவற்றை வெளியிட்டதோடு நிற்கவில்லை; பாடிய பெண்களைத் தேடி மறுபடி ஊர்களுக்குப் போய்ப் படம் பிடித்தது. இரண்டில் எனக்கு மதிப்பு அதிகம் இதன் மேல்தான். எண்ணிக்கை சேர்ப்பதைவிட, குரலுக்கு உரியவரிடம் திரும்பிப் போவது கடினம்.

பகிர்வதில் ஆபத்தும் இருக்கிறது. வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களிடம் 2001 முதல் எடுத்த நேர்காணல்களை அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி பூட்டி வைத்தது. ‘நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே போகாது’ என்று பேட்டி தந்தவர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். 2011-இல் பிரிட்டிஷ் விசாரணைக்காக நீதிமன்ற ஆணை வந்தது. பதிவுகளில் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. 2014-இல் அந்த விசாரணையில் சின் ஃபெயின் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ் கைதாகி, குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார். சட்டம் அனுமதிக்காத வாக்குறுதியை எந்த ஆய்வாளரும் தரக்கூடாது.

எதிர்த்திசையில் ஒரு நல்ல முன்மாதிரி, ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினரோடு சேர்ந்து கிம் கிறிஸ்டன் உருவாக்கிய ‘முகுர்து’ என்ற ஆவணக் காப்பக மென்பொருள். எந்தப் பதிவை யார் பார்க்கலாம், எது பெண்களுக்கு மட்டும், எது குடும்பத்துக்கு மட்டும் என்று சமூகமே அதில் முடிவு செய்கிறது. எல்லாம் எல்லோருக்கும் என்ற இணைய மனப்பான்மையை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். சாதிக் கொடுமையையோ போர்க்கால இழப்பையோ சொன்ன ஒரு பெண்ணின் குரல், அவரைக் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் சுற்றுவது சேவை ஆகாது.

தமிழில், 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழரின் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் ‘ஆவணகம்’ தளத்தில் சேர்த்துவருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்ப் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள்களை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நெல்லைக்காரர் ‘வந்தாவ’ என்றதும் யாழ்ப்பாணத்தவர் ‘வந்தவை’ என்றதும் ‘வந்தார்கள்’ ஆகிவிட்டால், கொலம்பியாவில் நாடாவை அழித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால் இந்த மாதமே உட்காருங்கள். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்து, ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் பதிவு செய்யுங்கள். பேசியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதியாவது வையுங்கள். யாருக்குக் கேட்க அனுமதி, யாருக்கு இல்லை என்பதையும் அவர் வாயாலேயே பதிவில் சொல்லச் சொல்லுங்கள்.