நிலையான பெயர் எவ்வளவு நிலையானது?

ஒரு கணிப்பொறியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இணையத்தோடும் மற்றொன்று அலுவலகத்தின் உள் வலையோடும் இணைந்தவை. நடுவே நின்று காவல் காப்பதே அக்கணிப்பொறியின் வேலை. காவல் விதிகள் கார்டின் பெயரைச் சொல்லியே எழுதப்படுகின்றன. ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பியதும் இரு பெயர்களும் இடம் மாறிவிட்டால்? வாசலில் நிற்க வேண்டிய காவலாளி கொல்லைப்புறம் போய் நிற்பான்!

இது வெறும் கற்பனையன்று. லினக்ஸின் உட்கருவான கெர்னல், கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வரிசையிலேயே ஈத்0, ஈத்1 என்று பெயரிடுகிறது. வகுப்புக்கு முதலில் வந்தவனுக்கு முதல் எண் என்பது போல. டிரைவர் நிரல்கள் ஒரே சமயத்தில் வேலை தொடங்கும்போது, எந்தக் கார்டு முந்தும் என்று உறுதி கூற முடியாது.

முதலில் ஒரு பரிகாரம் செய்தார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் உரிய 48 பிட் மேக் முகவரியையும் பெயரையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தார்கள். ஆனால் கெர்னலும் அதே ஈத் பெயர்களையே வழங்கிக்கொண்டிருந்ததால், இரண்டும் மோதிக்கொண்டன.

2013 சனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு வேறு வழியைக் காட்டியது. கார்டு இருக்கும் இடமே அதன் பெயர்! எடுத்துக்காட்டாக 'இஎன்பி3எஸ்0' என்ற பெயரில் 'இஎன்' ஈதர்நெட்டையும், 'பி3' பிசிஐ பஸ்ஸின் எண் 3 என்பதையும், 'எஸ்0' அந்தப் பஸ்ஸில் இட எண் 0 என்பதையும் குறிக்கும். மாணவனை அவன் அமரும் பெஞ்சைக் கொண்டு அழைப்பது போன்றது இது.

இது மெய்யான முன்னேற்றமே. யார் முந்தினார் என்ற தற்செயல் ஒழிந்தது. ஒரே கார்டு உள்ள வீட்டுக் கணிப்பொறிக்கு இவ்வளவு கரடுமுரடான பெயர் எதற்கு என்று சிலர் குறைகூறுவர். அது சிறு குறை. பெரிய குறை வேறு.

இம்முறைக்கு 'முன்கூட்டியே அறியத்தக்க பெயர்' என்று சூட்டியிருக்கிறார்கள். ஆனால் பஸ் எண் பலகையில் பொறித்ததன்று. பொதுவாகக் கணிப்பொறி தொடங்கும்போது எண்ணி வழங்கப்படுவது. புதிதாக ஒரு கார்டைச் செருகினால் பின்னுள்ள பஸ் எண்கள் நகர்ந்துவிடக்கூடும். முன்வரிசையில் புதுப் பெஞ்சு போட்டால் மூன்றாம் பெஞ்சு நான்காவதாகிவிடும் அல்லவா? நேற்று நான்காம் எண்ணில் இருந்தவனுக்குரிய விதி இன்று வேறொருவன் மேல் விழும். பழைய ஆபத்து வேறு கதவு வழியே வந்துவிட்டது!

ஆகவே, இரண்டு கார்டுகள் உள்ள இயந்திரத்தில் பெயரை நாமே வைப்பதுதான் சிறந்தது என்பது என் முடிவு. சிஸ்டம்டியே அதற்கு இடந்தருகிறது. 'லிங்க்' என முடியும் கோப்பில் மேக் முகவரியைக் குறித்து, 'வெளி0', 'உள்0' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகளில் பெயர் தரலாம். ஈத் என்ற பெயரை மட்டும் தவிர்க்க வேண்டும். கார்டை மாற்றினால் கோப்பையும் திருத்த வேண்டும் என்பது உண்மையே. ஆனால் திருத்த மறந்தால் பெயர் கிடைக்காமல் போகுமே தவிர, வேறொரு கார்டின் மேல் போய் ஒட்டாது. காவலாளி வராமல் போனால் உடனே தெரிந்துவிடும். தவறான வாசலில் நிற்பதோ யாருக்கும் தெரியாது.