வழுவும் வாதமும்: ஆய்வுரையின் நம்பகத்தன்மையில் எழுத்துப்பிழையின் பங்கு

முன்னுரை

கருத்தில் குறையில்லையெனின் எழுத்துப்பிழையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்பர் ஒரு சாரார். பிழை மலிந்த உரையில் கருத்தும் பிழைபட்டே இருக்கும் என்பர் மற்றொரு சாரார். ஆய்வுரைகள் மதிப்பிடப்படும்போது இவ்விரு நிலைப்பாடுகளும் மோதுகின்றன. நன்னூற் பாயிரம் வகுத்துள்ள நெறியைக் கொண்டு இவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூல் வகுக்கும் குற்றங்கள்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனப் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது வாதத்தின் குற்றம்; இரண்டாவது சொல்லின் குற்றம்; மூன்றாவது பொருள் தெளிவின்மையால் நேரும் குற்றம். இவ்வைப்புமுறையிலிருந்து இரண்டு செய்திகளை உய்த்துணரலாம். சொற்பிழையும் நூலின் குற்றமே. அதனைப் புறத்தோற்றக் குறையாக ஒதுக்க இயலாது. எனினும், அது வாதப்பிழையினின்று வேறாக எண்ணப்படுகிறது. ஆகவே ஒன்று இருப்பது மற்றொன்று இருப்பதற்குச் சான்றாகாது.

பொருளைத் திரிக்கும் பிழை

'குறிஞ்சித் திணையின் சிறப்பு' என எழுத வேண்டிய இடத்தில் 'குறிஞ்சித் தினையின் சிறப்பு' என எழுதப்படுவதாகக் கொள்ளலாம். தினை, குறிஞ்சியின் கருப்பொருள்களுள் ஒன்றாகிய உணவு. ஆதலால் பிழைபட்ட தொடரும் பொருளுடையதாகவே நிற்கும். ஆசிரியர் ஒழுக்கத்தைப் பேசுகிறாரா, உணவைப் பேசுகிறாரா என்பதைப் படிப்பவர் ஊகிக்க நேர்கிறது. இங்குச் சொல்வழு, மயங்க வைத்தல் என்னும் அடுத்த குற்றமாக வளர்ந்துவிடுகிறது. வாதம் வலுவிழப்பது இத்தகைய இடங்களில்தான்.

பொருளைத் திரிக்காத பிழை

'கூறியக் கருத்து', 'பாடியப் புலவர்' எனப் பெயரெச்சத்தின்பின் வல்லொற்றை மிகுவித்து எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் வழு. பொருள் விளங்குவதில் இங்குத் தடையில்லை; ஆயினும் நம்பகத்தன்மை குறைகிறது. படிப்பவர் எல்லா மேற்கோள்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆய்வாளரின் கவனத்தை நம்பியே அவற்றை ஏற்கிறார். மூலபாட ஆய்விலோ ஓர் எழுத்தே சான்றாகும்; பாடவேறுபாடுகள் பல ஓரெழுத்து மாற்றத்தில் பிறப்பவை. தம் தொடரில் எழுத்தைக் காவாதவர் பிறர் பாடலில் அதனைக் காத்திருப்பார் என எவ்வாறு கொள்வது? இவ்வையம் நியாயமானது. ஆனால், ஐயம் சரிபார்ப்பைத் தொடங்கி வைப்பதற்குரியது, அதுவே தீர்ப்பாகாது.

பிழை சுட்டலும் மறுத்தலும்

நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கருத்தை மறுத்தலும், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலும் அடங்கும். இரண்டும் எதிர்க்கருத்துக்குள் புகுந்து செய்யப்படுபவை. ஒற்றுப்பிழைகளை மட்டும் எண்ணிக்காட்டிக் கட்டுரையைத் திருப்பியனுப்பும் மதிப்பீட்டாளர் இவ்விரண்டில் எதனையும் செய்தவர் ஆகார். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வந்த ஓர் ஆய்வாளரின் புதிய கண்டுபிடிப்பு இவ்வகையில் படிக்கப்படாமலேயே கழிக்கப்படலாம்.

மேலும், பிழை எனத் தோன்றுவன எல்லாம் பிழையல்ல. 'கறுப்பு', 'கருப்பு' என்னும் இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. தமிழ்நாடு அரசு 1978இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய பதிப்புகளில் ணை, னை, லை, ளை ஆகியவற்றின் வரிவடிவம் வேறு. ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அச்சுவடிகளைப் பிழையுடையவை என ஒதுக்கியிருந்தால் சங்க இலக்கியப் பதிப்புகள் தோன்றியிரா. பதிப்பாசிரியர்கள் பொருளைத் தேடிச் சென்றே எழுத்தை உறுதிசெய்தனர்.

முடிவுரை

சொல்வழு நூலின் குற்றம். அதனைக் களைவது ஆய்வாளரின் கடமை. எழுத்து திரிந்து பொருள் மயங்குமிடத்து வாதமே கெடுகிறது. பொருள் மயங்காதவிடத்து ஆசிரியர்மீது கொண்ட நம்பிக்கை குறைகிறது. எனினும், எவ்விடத்தும் பிழை சுட்டல் மறுப்புரைக்கு ஈடாகாது. மதிப்பீட்டாளர் பொருள் திரிக்கும் பிழைகளையும் மரபுப் பிழைகளையும் தனித்தனியே பட்டியலிட்டு, அதன்பின் கருத்தை மதிப்பிடுதல் இருதரப்புக்கும் நீதியாகும்.